பெயரைப் பிழையென்று சொல்லும் நிரல்

பூங்குழலி என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? தமிழ் இலக்கணம் ஐந்து என்கிறது. யூனிகோடு அதை ஒன்பது குறியீடுகளாகச் சேமிக்கிறது: ஐந்து எழுத்துகள், நான்கு துணைக்குறிகள். யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதிக்கும் சரிபார்ப்பு விதி, முதல் துணைக்குறியைக் கண்டதுமே பெயரை நிராகரித்துவிடும். திரையில் ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்ற செய்தி தோன்றும். பிழை விதியில் இருக்க, பழி பெயரின்மீது விழுகிறது.

கருவி இல்லை என்று இதற்குச் சாக்குச் சொல்ல இயலாது. லாரவெல் சட்டகத்தில் 2017இல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே சரிபார்ப்பு விதியைத் தனி வகுப்பாக எழுதலாம். ஜாவாவிலும் அதற்கென ஓர் இடைமுகம் உண்டு. லாரவெலின் உள்ளமைந்த ‘ஆல்ஃபா’ விதி துணைக்குறிகளை ஏற்கவும் செய்கிறது. அதை ஒதுக்கிவிட்டுத் தம் விதியை எழுதுபவரே உலகத்தை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்குள் அடைக்கிறார்.

குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கும் விதியும் இவ்வகையே. இந்தியக் கடவுச்சீட்டிலேயே குடும்பப்பெயர் இடம் வெற்றாக இருக்கலாம். கல்லூரிப் படிவம் மட்டும் அதை மறுக்கிறது. முதலெழுத்தும் பெயருமாக வாழும் மாணவி, தந்தையின் பெயரையோ ஒரு புள்ளியையோ அங்கே இட்டு நிரப்புகிறாள். அன்றிலிருந்து சான்றிதழ் ஒரு பெயரையும் ஆதார் வேறொரு பெயரையும் சொல்கின்றன.

கண்டிப்பு வேண்டிய இடத்திலோ இத்தகைய நிரல்கள் தளர்ந்துவிடுகின்றன. ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் வெர்ஹோஃப் முறைப்படி கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். தனிவிதி வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி ஏது? ஆயினும் பன்னிரண்டு இலக்கங்கள் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கணிதத்தால் சோதிக்கக்கூடிய எண்ணை நம்பிவிட்டு, சோதிக்கவே முடியாத பெயரைச் சந்தேகிப்பது எந்த அறிவியல்?

‘பழைய தரவுத்தளம் ஏற்காது, வேறு அலுவலகம் கேட்கிறது’ என்பது வழக்கமான மறுமொழி. அது உண்மையானால், வெளியே அனுப்பும் எல்லையில் ஒரு மாற்றி வகுப்பு அதைக் கவனிக்கட்டும். மாணவர் என்ற பொருளுக்குள் அந்தக் குறையைப் புகுத்துவது, பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதற்பாடத்தையே மறுப்பதாகும். விதி ஒரே வகுப்பில் இருந்தால் ஓரிடத்தில் திருத்தலாம். பத்துப் படிவங்களில் நகலெடுத்து ஒட்டியிருந்தால் எவரும் திருத்தமாட்டார்கள்.

ஆய்வகத் தேர்வில் ஒரு விதி மாற்றம் வேண்டும். தவறான உள்ளீட்டை விலக்கியதற்கு மட்டும் மதிப்பெண் தரலாகாது. ஒற்றைப் பெயர், முதலெழுத்தோடு கூடிய பெயர், ஒரே குறியீடாகவும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கப்படக்கூடிய ஒகர உயிர்க்குறி கொண்ட பெயர் ஆகிய மூன்றையும் ஏற்காத நிரலுக்குச் சுழியமே தகும். யாரைத் தடுக்கிறது என்பதைப் போலவே யாரை உள்ளே விடுகிறது என்பதும் ஒரு விதியின் தேர்வுதான்.