வாளுக்கு முன்னால் வந்த காகிதம்

1514-ஆம் ஆண்டு. இன்றைய கொலம்பியாவின் சாந்தா மார்த்தா கடற்கரையில் இறங்கிய ஸ்பானியப் படை ஒன்று, சனங்கள் ஓடிப்போன ஓர் ஊருக்குள் நுழைகிறது. உடன்வந்த அதிகாரி ஒவியேதோவின் கையில் ஓர் அறிக்கை. போர் தொடங்குமுன் அதைப் பூர்வகுடிகளுக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்பது அரச கட்டளை. கேட்க ஆளில்லை, இருந்தாலும் விளங்கவைக்க ஆளில்லை. பூர்வகுடி ஒருவரைப் பிடித்துக் கூண்டில் அடைத்து நிதானமாகக் கற்பிக்கலாம், ஆயர் வந்து பொருள் சொல்லட்டும் என்று தளபதியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார் ஒவியேதோ. எல்லோரும் சிரித்தார்கள். இதை எழுதிவைத்தவரும் அவரேதான்.

‘ரெகெரிமியெந்தோ’ என்ற அந்த அறிக்கையை 1513-ல் எழுதியவர் அரசவைச் சட்ட வல்லுநர் பலாசியோஸ் ரூபியோஸ். அது சொன்னது இதுதான்: கடவுள் உலகைப் படைத்தார்; மனிதர் அனைவருக்கும் தலைவராகப் பேதுருவை வைத்தார்; அவர் வழிவந்த போப் இந்த நிலங்களை ஸ்பெயினுக்கு வழங்கிவிட்டார். ஏற்றுக்கொண்டால் நல்லது. மறுத்தால் போர், பெண்டு பிள்ளைகளோடு அடிமையாவீர்கள், விழும் பிணங்களுக்கு நீங்களே பொறுப்பு. இவ்வளவையும் வாசித்தாயிற்று என்று கடைசியில் நோட்டரி சான்றெழுதித் தர வேண்டும்.

இந்தக் காகிதம் ஒரு பழைய விவாதத்துக்குள் நம்மை இழுக்கிறது. வரலாற்றில் நடந்த போர்களுக்கு மதம்தான் காரணமா என்ற அந்த விவாதத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. எல்லாம் மதத்தால் வந்த வினை என்பது ஒன்று. செங்கிஸ்கானின் படையெடுப்புகளும் இரண்டு உலகப் போர்களும் அந்தப் பதிலுக்குள் அடங்கா. மண்ணாசையும் பொன்னாசையுமே காரணம், மதம் வெறும் போர்வை என்பது இன்னொன்று. நல்ல மனம் படைத்தவர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வழக்கு இதோடுதான்.

பொன்னாசையை நான் மறுக்கவில்லை. பூர்வகுடிகளை அடிமைகொள்வதைத் தடுத்தும், அவர்களின் உழைப்பைப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்வதற்கு முற்றுப்புள்ளி வைத்தும் 1542-ல் ஸ்பெயின் புதிய சட்டங்கள் கொண்டுவந்தது. பெருவில் குடியேறிய ஸ்பானியர்கள் கொன்சாலோ பிசாரோ தலைமையில் கலகம் செய்தார்கள்; சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போன அரசப் பிரதிநிதியை 1546-ல் கொன்றார்கள். ஒரே மதம், ஒரே அரசர். வருமானத்தில் கைவைத்ததும் இரண்டும் மறந்துபோயின.

ஆனால், போர்வைதான் என்றால் பீரங்கியும் குதிரையும் வைத்திருந்தவனுக்கு அந்தக் காகிதம் எதற்கு? மெய்யாகவே நம்பியவன் அவன். செத்தபின் தீர்ப்பு உண்டு என்று அஞ்சியவன். கொள்ளைக்கும் கொலைக்கும் பாவமில்லை என்று யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும் அதிகாரம் திருச்சபையிடம் இருந்தது; அது சொன்னது.

சொல்ல மறுத்தவர்களும் அதே சபையில் இருந்தார்கள். 1511 டிசம்பரில் சாந்தோ தொமிங்கோவில் மோந்தெசினோஸ் என்ற துறவி, குடியேறிகளின் முகத்துக்கு நேரே, நீங்கள் சாவான பாவத்தில் வாழ்கிறீர்கள் என்று பிரசங்கித்தார். அவரை வாயடைக்கச் சொல்லி அரசரிடமிருந்து உத்தரவு வந்தது. சியாப்பாஸின் ஆயரான லாஸ் காஸாஸ், அடிமைகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்று 1545-ல் அறிவித்தார். ஊரே அவருக்கு எதிராகத் திரண்டது. வெறும் போர்வைக்காக யாரும் அப்படிக் கொதிக்க மாட்டார்கள். பெருவில் சில படைவீரர்கள் மரண சாசனத்தில் பூர்வகுடிகளுக்கு ஈட்டுத்தொகை எழுதிவைத்ததும் செத்தபின் வரும் தீர்ப்புக்கு அஞ்சித்தான். எல்லா ஆயர்களும் லாஸ் காஸாஸைப் போல மறுத்திருந்தால் படையெடுப்பு நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால், படையெடுத்தவர்களில் அத்தனை பேர் நிம்மதியாக உறங்கியிருக்க முடியாது.

2023 மார்ச் 30 அன்று வாடிகன் வெளியிட்ட அறிக்கை, நிலங்களைக் ‘கண்டுபிடித்தவருக்கே’ உரிமை என்ற கோட்பாட்டை நிராகரித்தது. பழைய போப் ஆணைகள் பூர்வகுடிகளின் சம மதிப்பைப் போதிய அளவு காட்டவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், காலனிய அரசுகள் அந்த ஆணைகளை அரசியலுக்காகத் திரித்துக்கொண்டன என்றும் அது சொல்கிறது. 1493-ல் நிலத்தை எழுதிக்கொடுத்தவர் போப் ஆறாம் அலெக்சாண்டர். அதைத்தான் பலாசியோஸ் ரூபியோஸ் எடுத்தாண்டார். திரிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடா சென்றபோது திருப்பலி நடந்த ஆலயத்துக்குள்ளேயே பூர்வகுடிப் பெண்கள் பதாகை விரித்துக் கேட்டது, அந்தக் கோட்பாட்டை ரத்துசெய்யுங்கள் என்று. அரசர்கள்மீது பழிபோடுவது அவர்களுக்கான பதிலாகாது.