பறவை யாருக்கு? தொல்லை யாருக்கு?

அக்டோபர் முதல் நாள் பிறந்தால் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வேட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கும். பிப்ரவரி முதல் நாள் வரையில் அது ஓயாது. அங்கே போர் எதுவும் மூண்டுவிடவில்லை. நடப்பது ஃபெசன்ட் வேட்டை. நம் காட்டுக்கோழிக்கு உறவான இனம் அது. நீண்ட வாலும் மின்னும் இறகும் கொண்ட பறவை. ஒரு கூட்டம் கழிகளால் புதர்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பும். வரிசையாக நிற்கும் துப்பாக்கிக்காரர்கள், தலைக்கு மேல் பறந்து வருபவற்றைச் சுட்டு வீழ்த்துவார்கள். ஒரு நாளைய விளையாட்டுக்குப் பெரும்பணம் கொடுத்து வருவோர் பலர்.

வேலிக்கு இந்தப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். நாலைந்து ஏக்கர் நிலம், சில ஆடுகள், ஒரு குதிரை, காய்கறித் தோட்டம், இவையே அவருடைய உடைமை. வேட்டை நாளன்று அவர் படும் பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேட்டுச் சத்தத்தில் குதிரை மிரண்டு வேலியை முறிக்கிறது. ஈய ரவைகள் வீட்டுக் கூரைமீது சடசடவென்று விழுகின்றன. அடிபட்ட பறவை தோட்டத்தில் வந்து விழ, அதைத் தூக்க வேட்டை நாய் பாத்தியை மிதித்துக்கொண்டு ஓடி வருகிறது. வேட்டை இல்லாத நாளிலோ, பக்கத்து நிலத்தில் வளர்த்துவிட்ட பறவைகள் கூட்டமாக வந்து நாற்றைக் கொத்துகின்றன. முறையிடப் போனால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "என் நிலம், என் துப்பாக்கி, என் உரிமை."

எங்கோ நடக்கும் வேலிச் சண்டைக்கு ஓர் ஏட்டில் இடம் ஒதுக்க வேண்டுமா என்று கேட்போர் உண்டு. ஒதுக்கத்தான் வேண்டும் என்கிறோம் நாம். ஒருவனுடைய உரிமை எந்த இடத்தில் முடிகிறது, அடுத்தவனுடைய அமைதி எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கேள்வி எந்த நாட்டுக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்கு இங்கிலாந்து முந்நூறு ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. பாதி விடைதான் இதுவரை கிடைத்திருக்கிறது.

சட்டத்தை முதலில் எழுதியவர்கள் யார் என்று பார்ப்போம். 1671ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் சொந்த நிலம் உடையோர், பெருங்குடிப் பிறந்தோர் போன்ற சிலருக்கே வேட்டை உரிமை என்றது. அதற்குக் கீழ்ப்பட்ட உழவன், தன் சொந்த வயலில் தன் கதிரைத் தின்னும் கவுதாரியைக்கூடப் பிடிக்கக் கூடாது! 1831ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தகுதி முறையை ஒழித்தது. ஆனாலும் குத்தகை எழுதும்போது நிலக்கிழார் வேட்டை உரிமையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். உழவன் கையில் ஏர் மட்டும் இருந்தது. 1880இல் கிளாட்ஸ்டன் ஆட்சியில் வந்த சட்டம், பயிரை அழிக்கும் முயலைக் கொல்லும் உரிமையை உழவனுக்கு வழங்கியது. அந்த உரிமையை எந்தக் குத்தகைப் பத்திரத்தாலும் பறிக்க முடியாது என்றும் உறுதி செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் முயலோடு நின்றுவிட்டது. இறகுள்ள பறவையைத் தொடவில்லை.

சட்டம் நின்ற இடத்திலிருந்து வழக்கு மன்றங்கள் சிறிது தூரம் நடந்தன. 1707ஆம் ஆண்டு வழக்கு ஒன்று சட்டம் படிப்போர் அனைவரும் அறிந்தது. கீபிள் என்பவர் காட்டு வாத்துகளைக் கவர்ந்து பிடிக்கக் குளம் ஒன்று அமைத்திருந்தார். ஹிக்கரிங்கில் என்பவர் அருகே வந்து துப்பாக்கியால் வேட்டுப்போட்டு வாத்துகளை விரட்டினார். தலைமை நீதிபதி ஹோல்ட் சொன்ன நியாயம் எளிமையானது. பக்கத்தில் போட்டிப் பள்ளி திறந்து மாணவரை இழுத்தால் அது குற்றம் அல்ல. பள்ளிக்குப் போகும் வழியில் துப்பாக்கியோடு நின்று பிள்ளைகளை மிரட்டினால் குற்றம். தீர்ப்பு கீபிளுக்குச் சாதகமாயிற்று.

1936இல் வேறொரு வழக்கு. வெள்ளிநரிப் பண்ணை வைத்திருந்தவர்மீது காழ்ப்புக் கொண்ட பக்கத்து நிலக்காரர், நரிகள் குட்டி ஈனும் பருவம் பார்த்து எல்லையோரம் துப்பாக்கி வெடிக்கச் செய்தார். தம் நிலத்தில் தானே வெடித்தோம் என்று வாதிட்டார். வழக்கு மன்றம் ஏற்கவில்லை. சொந்த நிலத்தில் செய்தாலும், அடுத்தவனுக்குத் தீங்கு விளைக்கும் எண்ணத்தோடு எழுப்பிய ஓசை குற்றமே என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டு தீர்ப்புகளும் இரு பக்கத்தாருக்கும் பொருந்தும். வேட்டைக்காரன் வேண்டுமென்றே அண்டை வீட்டாரைத் துன்புறுத்தவும் கூடாது. வேட்டை கெடவேண்டும் என்பதற்காகவே அண்டை வீட்டார் தகரத்தைத் தட்டவும் கூடாது.

காழ்ப்பு இல்லாமலே துன்பம் வந்தால் என்ன செய்வது? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 1885இல் ஒரு வழக்கு: வேட்டை உரிமை பெற்றவர் வெளியிலிருந்து ஃபெசன்ட்களைக் கொண்டுவந்து அளவுக்கு மீறிப் பெருக்கினார், உழவனின் பயிர் பாழாயிற்று. அவர் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்றது மன்றம். 1949இல் இன்னொரு வழக்கு: பருவம் நன்றாக அமைந்ததால் பறவைகள் தாமாகவே பெருகின. அதற்கு நில உரிமையாளர் பொறுப்பல்லர் என்றது மன்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நெறி ஒன்று தெரிகிறது. இயற்கை பெருக்கினால் யாரையும் நோவதற்கில்லை. மனிதன் கொண்டுவந்து பெருக்கினால் மனிதன்தான் பொறுப்பு.

இன்றைய நிலை என்ன? பிரிட்டனில் ஆண்டுதோறும் வேட்டைக்காக வளர்த்து வெளியே விடப்படும் ஃபெசன்ட்கள் மூன்று கோடிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நாலரைக் கோடியையும் தாண்டும் என்று சொல்லும் மதிப்பீடும் உண்டு. இவை இயற்கை பெருக்கிய பறவைகளா? பொரிப்பகத்தில் பொரித்து, தீனி போட்டு, விலை கொடுத்து வாங்கி விட்டவை. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவை படும் கோலத்தைப் பாருங்கள். கூண்டுக்குள் இருக்கும்போது பறவை சொத்து. கூண்டைத் திறந்துவிட்டால் அது காட்டுப் பறவை. உரிமையாளர் எவரும் இல்லை. சுட்டு வீழ்த்தியவுடன் மீண்டும் சொத்து! விற்கும்போதும் தின்னும்போதும் உரியவர் இருக்கிறார். அடுத்தவர் தோட்டத்தை மேயும்போது மட்டும் அதற்கு உரியவர் எவரும் இல்லை. இது நியாயம்தானா என்று கேட்கிறோம்.

குத்தகை உழவனுக்கு நிலக்கிழாரிடமிருந்து இழப்பீடு பெறச் சட்டத்தில் வழி உண்டு. பக்கத்து நிலத்துக்காரருக்கு அப்படி ஒரு நேர்வழி இல்லை. சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, வழிப்போக்கருக்கு ஊறோ இடரோ விளைவித்தால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். ஆனால் வீட்டிலிருந்து இத்தனை அடி தள்ளி நின்றுதான் சுடவேண்டும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. வனவிலங்கு ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்த பிறகு, சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற இயற்கைப் பகுதிகளிலும், அவற்றைச் சுற்றி 500 மீட்டர் வரையிலும் பறவைகளை விடுவதை 2021இல் இங்கிலாந்து அரசு உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஆனால் காட்டுக்குக் கிடைத்த எல்லைக்கோடு, குழந்தை விளையாடும் கொல்லைக்கும் வேண்டாமா?

வேட்டைத் தரப்பார் சொல்வதையும் கேட்போம். இதனால் நாட்டுப்புறத்தில் பலருக்குப் பிழைப்பு நடக்கிறது என்கிறார்கள். வேட்டைக்காகவே தோப்புகளும் வேலிப் புதர்களும் காக்கப்படுகின்றன என்கிறார்கள். நகரத்திலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள் கிராமத்தின் ஓசைகளைப் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றும் குறைப்படுகிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சேவல் கூவுகிறது என்று புகார் செய்கிறவருக்காக நாம் பரிந்து பேச வரவில்லை. ஆனால் ஒரு தொழில் பலருக்குப் பிழைப்புத் தருகிறது என்பதற்காக, அதன் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டலாமா? பிழைப்பைத் தரும் தொழிலால் பொறுப்பையும் ஏற்க முடியும்.

ஐரோப்பாவில் இந்தத் திசையில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. பிரான்சு நாட்டில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் பல ஊர்களில் சிறு நிலக்காரர்களை வேட்டைச் சங்கத்தில் கட்டாயமாகச் சேர்த்தது. அவர்கள் விரும்பாவிட்டாலும் அவர்கள் நிலத்தில் வேட்டை நடக்கலாம். பெருநிலக்காரருக்கோ விலகும் வசதி இருந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் இது உரிமை மீறல் என்றது. ஜெர்மனியிலும் 75 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் உடையோர் இவ்வாறே வேட்டைச் சங்கத்தில் கட்டுண்டு இருந்தனர். உயிர்க்கொலையை மனச்சான்று ஏற்காத ஒரு நிலக்காரர் வழக்காடினார். 2012இல் அதே நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இரு நாடுகளும் சட்டத்தைத் திருத்தின. வேண்டாம் என்று சொல்லும் உரிமை சிறு நிலக்காரனுக்கும் உண்டு என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

இங்கிலாந்தில் எவரையும் அப்படிச் சங்கத்தில் சேர்ப்பதில்லை. தன் நிலத்துக்குள் துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்கும் உரிமை அங்கே சிறு நிலக்காரனுக்கும் உண்டு. இல்லாதது, வேலிக்கு அப்பாலிருந்து வரும் தொல்லைக்குத் தீர்வு. நாம் நியாயம் என்று கருதுபவற்றைச் சொல்கிறோம். பருவம் தொடங்குமுன் வேட்டை நாட்களின் பட்டியலை அண்டை வீட்டாரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அன்று பொறுப்பாக இருப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். ரவையும் பறவையும் தம் எல்லைக்குள்ளேயே விழும்படி துப்பாக்கிக்காரர்களை நிறுத்த வேண்டும். இயலாத இடத்தில் வேட்டையே கூடாது. விழுந்த பறவையை எடுக்கக் கேட்டுவிட்டு நுழைய வேண்டும். வளர்த்து விட்ட பறவையால் விளைந்த சேதத்துக்கு விட்டவரே பணம் தர வேண்டும். இவற்றில் சில, வேட்டைச் சங்கங்கள் தாமே வகுத்துக்கொண்ட நன்னடத்தை நெறிகளின் சாயலில் அமைந்தவைதாம். நல்லவர்கள் இன்றே கடைப்பிடிக்கிறார்கள். நல்லவர் அல்லாதாருக்குத்தான் சட்டம் வேண்டும்.

அண்டை வீட்டாருக்கும் கடமை உண்டு. ஆடு ஈனும் பருவம் எது, குதிரையைக் கட்டவேண்டிய நாள் எது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். துப்பாக்கி வரிசைக்குக் குறுக்கே நடந்து வம்பு வளர்க்கக் கூடாது. ரவை விழுந்த நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் குறித்துவைக்க வேண்டும். சினத்தைவிடக் குறிப்பேடு வழக்குக்கு உதவும். பேசித் தீராவிட்டால் நடுவர் ஒருவரை வைக்கலாம். ஆபத்து என்றால் காவல்துறை, ஓசை என்றால் உள்ளாட்சி மன்றம், எதுவும் உதவாதபோது வழக்கு மன்றம் என்று படிப்படியாகப் போகலாம். ஈய ரவையைப் படிப்படியாக விலக்கப் போவதாக 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. மண்ணையும் நீரையும் நஞ்சிலிருந்து காக்க அரசு தலையிடலாம் என்றால், அண்டை வீட்டாரின் அமைதிக்காகவும் தலையிடலாம்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று ஐயுறுவோருக்கு நம் செங்கற்பட்டுச் சீமையில் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறோம். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை அன்று கும்பினிப் படையின் வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டு விளையாடினர். ஊரார் பொறுத்துப் பார்த்தனர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். உழவர்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டு, ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுத்து வடிவில் ஆணை பெற்றனர். துப்பாக்கி ஆளும் இனத்தின் கையில் இருந்தது. உழவர்கள் கையில் இருந்தது ஒரு விண்ணப்பம் மட்டுமே. ஆயினும் ஆணை பிறந்தது. பறவைகள் இன்றும் வருகின்றன.

செங்கற்பட்டுக் குடியானவனுக்கு ஓர் ஆங்கிலேய அதிகாரி அன்று எழுதிக் கொடுக்க முடிந்த நியாயத்தை, ஆங்கில நாட்டுக் குடியானவனுக்கு அவனுடைய நாடாளுமன்றம் இன்று எழுதிக் கொடுக்கட்டும்.