ஃபைல் காப்பிக்கு ஒரு பாட்டில்

ஆடிட் சீசனில் ஆபீஸ் படும் பாடு உங்களுக்குத் தெரியும். குண்டூசிக்குக்கூட வவுச்சர் கேட்பார்கள். இந்த பி.காம். மூளைக்கு எட்டியவரை, சரித்திரத்திலேயே டேஞ்சரான ஸ்டாக் வெரிஃபிகேஷன் 1944-ல் நடந்தது. எண்ணப் போன சரக்கு? ஹிட்லரின் அணுகுண்டு!

அமெரிக்கா அனுப்பிய அந்தக் குழுவுக்கு 'அல்ஸோஸ்' என்று ரகசியப் பெயர். கிரேக்கத்தில் 'தோப்பு'. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் பெரிய தலை யார் தெரியுமோ? ஜெனரல் க்ரோவ்ஸ். இங்கிலீஷில் அதுவும் தோப்புதான். ரகசியம் காத்த லட்சணம்!

குழுவின் விஞ்ஞானத் தலைவர் சாமுவேல் கௌட்ஸ்மிட். ஹாலந்தில் பிறந்த யூதர், பெரிய இயற்பியல் மேதை. அமெரிக்க குண்டைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது என்பதும் அவரைப் பிடித்துப் போட ஒரு காரணம். எதிரியிடம் மாட்டினாலும் உளற ஒன்றுமிருக்காதே! தெரியாததே குவாலிஃபிகேஷன். நம்மில் பலர் அப்ளை பண்ணியிருக்கலாம்.

அணு உலையைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீர் வேண்டும். திரும்பி வரும் தண்ணீரில் கதிரியக்கம் தெரியும். ஆகவே ரைன் நதியில் தண்ணீர் பிடித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். ஒரு குறும்புக்கார ஆசாமி கூடவே ஃபிரெஞ்சு ஒயின் பாட்டில் ஒன்றை வைத்து, இதையும் டெஸ்ட் பண்ணுங்கள் என்று எழுதிவிட்டார். அவசரப் பதில் வந்தது: தண்ணீரில் ஒன்றுமில்லை, ஒயினில் இருக்கிறது, இன்னும் அனுப்பு! அட, அது தமாஷ் என்றால் ஹெட் ஆபீஸ் கேட்கவில்லை. ஹெட் ஆபீஸ் என்றைக்கு ஸார் கேட்டிருக்கிறது? ஆட்கள் பத்து நாள் தெற்கு பிரான்ஸில் சுற்றி பாட்டில் சேகரித்தார்கள். எல்லாவற்றிலும் ரெண்டு வாங்கச் சொன்னார் கௌட்ஸ்மிட். ஒன்று வாஷிங்டனுக்கு. இன்னொன்று பாரீஸ் ஆபீஸில் ஃபைல் காப்பி!

அடுத்த திகில், தோரியம். ஒரு ஜெர்மன் கம்பெனி பிரான்ஸிலிருந்த தோரியத்தையெல்லாம் அள்ளிப் போயிருந்தது. போச்சுடா, குண்டுக்குத்தான் என்று பதறித் துருவினால்... டூத்பேஸ்ட்! யுத்தம் முடிந்ததும் தோரியப் பற்பசை விற்று லாபம் பார்க்கத் திட்டமாம்.

நிஜமான கணக்கு 1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கிடைத்தது. வைஸேக்கர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி விட்டுப்போன காகிதங்கள். பக்கத்தில் சிப்பாய்கள் சீட்டாட, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கௌட்ஸ்மிட் படித்தார். ஹைசன்பெர்க்கின் 'ரகசிய' ஆய்வுக்கூடத்து விலாசமும் போன் நம்பரும்கூட லெட்டர்ஹெட்டில் இருந்தன. குண்டு? ஸ்டாக் நில். 1945 ஏப்ரலில் ஹைகர்லாக் என்ற ஊரில் ஒரு குகைக்குள் கண்டுபிடித்த அணு உலைகூடக் கடைசிவரை ஓடாத கேஸ்.

அவர்களிடம் குண்டு இல்லை, இனி நாமும் போட வேண்டியதில்லை என்று கௌட்ஸ்மிட் சந்தோஷப்பட்டாராம். கூட இருந்த ராணுவ அதிகாரி, நம்மிடம் இருந்தால் நாம் போட்டே தீருவோம் என்றாராம். 1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா.

ஜெர்மனி தோற்ற பிறகு, ஹேக் நகரில் தான் வளர்ந்த வீட்டைப் போய்ப் பார்த்தார் கௌட்ஸ்மிட். ஜன்னல் கதவுகளையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அப்பாவையும் கண் தெரியாத அம்மாவையும் 1943-லேயே விஷவாயு அறைக்கு அனுப்பியாயிற்று. எந்தத் தேதி என்பதுகூட அவருக்குத் தெரிந்தது. நாஜிகள் அந்த ரிஜிஸ்டரை மட்டும் பிசகாமல் எழுதி வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள்.