தீர்ப்பு வந்தபோது ஆள் இல்லை

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். தலைக்கவசம் மாட்டிய தடியர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதைப் பார்த்து, "இதெல்லாம் ஓர் ஆட்டமா?" என்று சேனலை மாற்றியவன்தான் நானும். மைக் வெப்ஸ்டர் என்பவரின் கதையைப் படித்த பிறகுதான் என் மனம் வேறு இடத்துக்குப் போயிற்று.

வெப்ஸ்டர் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். 1974-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் சேர்ந்தார். அவருடைய இடம் முன்வரிசையின் நடு, 'சென்டர்' என்பார்கள். குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த கணமே, எதிரே பாய்ந்து வருகிற ஆளை முட்டித் தடுக்க வேண்டும். அவருக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு பேர். பந்தை எறிபவருக்கும் ஓடுபவருக்கும்தான் கைதட்டல். இந்த ஐந்து பேரும் ஒழுங்காக வேலை செய்தால் யார் கண்ணிலும் பட மாட்டார்கள். தப்பு செய்தால் மட்டும் பெயர் அடிபடும். அலுவலகங்களில் இப்படிப்பட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மொத்தம் 17 பருவங்கள் ஆடினார். நான்கு முறை சூப்பர் பவுல் வென்ற அணியில் இருந்தார். 'இரும்பு மைக்' என்று பட்டம் கொடுத்தார்கள். 1997-ல் அந்த ஆட்டத்தின் புகழ்மன்றத்திலும் சேர்த்தார்கள். ஆனால் அதற்குள் மனிதர் உடைந்துபோயிருந்தார். ஞாபகம் தடுமாறியது. குடும்பம் பிரிந்தது. சில காலம் தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார்.

இயலாமைக்கான ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். ஆட்டத்தில் பட்ட அடிதான் காரணம் என்பதை ஓய்வூதிய வாரியமே ஒப்புக்கொண்டது. ஆனால், ஆட்டத்தை விட்டபோதே இயலாமை வந்துவிட்டது என்பதை மட்டும் ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து வந்ததாகக் கணக்கு வைத்துக் குறைந்த தொகையைக் கொடுத்தது. தேதியை வைத்துக் கோப்பை நகர்த்தும் வித்தை உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது!

2002 செப்டம்பரில், 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. திரும்பத் திரும்ப அடிபட்டதால் மூளை சிதைந்திருப்பதைக் கண்டு, 2005-ல் மருத்துவ இதழில் எழுதினார். குடும்பம் தொடர்ந்த வழக்கில் 2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வெப்ஸ்டர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆள் போய் நான்கு ஆண்டு ஆகிவிட்டது.

"தெரிந்துதானே ஆடினார்? சம்பளம் வாங்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. முழங்கால் போகும், விரல் ஒடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த ஆட்டம் ஆடியவரின் மூளையில் இப்படி ஒரு நோய் இருக்கும் என்பதே அவர் மூளையை அறுத்துப் பார்த்த பிறகுதானே உலகத்துக்குத் தெரிந்தது! தெரியாத ஆபத்துக்கு அவர் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்வது?

என் கருத்து இதுதான். கை ஒடிந்தால் தேதி சொல்லலாம். மெல்ல மெல்ல அரிக்கிற நோய்க்கு எந்தத் தேதியைச் சொல்வது? வேலையால் வந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகு, எப்போது வந்தது என்ற சந்தேகத்தின் பலன் உழைத்தவனுக்கே போக வேண்டும். அதுவும் அவன் உயிரோடு இருக்கும்போதே போக வேண்டும். ஓய்வூதியம் தானம் அல்ல, பாக்கிச் சம்பளம்.

இப்போது அந்த ஆட்டம் டி.வி.யில் வந்தால் சேனலை மாற்றுவதில்லை. பந்து போகும் திசையை விட்டுவிட்டு, நடுவில் குனிந்து நிற்கிறவரைத்தான் பார்க்கிறேன்.