வெட்கப்படாமல் கேளுங்கள்

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாகத் திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் யாராவது வாய்திறந்து சொன்னால், உடனே வருகிற பதில் இது: "அதுக்கு எதுக்குக் கத்தி? தினம் மலையைச் சுத்திட்டு வா, தானா குறையும்." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், 110 கிலோ உடம்போடு செங்கம் ரோட்டில் ஆட்டோவுக்குக் காத்து நிற்பவர் காதில் அது 'நீ சோம்பேறி' என்றே விழுகிறது. முழங்கால் தேய்ந்தவர் மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டரை எப்படி நடப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை.

நடப்பது நல்லது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால், பருமன் ஓர் அளவைத் தாண்டிய பிறகு உடம்பு தன் எடையை விட்டுக்கொடுப்பதில்லை. பத்து கிலோ இறங்கினால் பசியைக் கூட்டுகிறது, சக்தியைச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பட்டினி கிடந்து இறக்கிய எடை பெரும்பாலும் திரும்பி வருவது இதனால்தான். இது நோய். குணக்கேடு அல்ல.

எங்கள் பகுதியில் இன்னொரு பேச்சும் உண்டு: "உடம்பே பொய், அதுக்குப் போய் ஆபரேஷனா?" 1949-இல் பகவான் ரமணரின் இடது கையில் வந்த கட்டிக்கு நான்கு முறை அறுவைசிகிச்சை நடந்தது. மருத்துவர்களை அவர் தடுக்கவில்லை. நோய்க்கு வைத்தியம் பார்ப்பது ஆன்மிகத்துக்கு விரோதம் என்று இந்த மண்ணில் நின்று சொல்ல வேண்டாம்.

இந்தப் பேச்சுகளால் விளையும் கேடு, நோயாளி ஒளிந்துகொள்வதுதான். என் அக்கா, பெரியம்மா மகள், பித்தப்பைக் கல் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். ரகசியம் என்பதால் துணைக்கு யாரும் போகவில்லை. மனதில் இருந்த சந்தேகங்களில் பாதியை டாக்டரிடம் கேட்கவும் இல்லை. கேட்காமல் விட்ட கேள்விகள்தான் பிறகு அவளைப் படுத்தின.

முதல் கேள்வி, எனக்கு இது தேவையா என்பது. இந்திய மருத்துவர்கள் பெரும்பாலும் பின்பற்றும் கணக்கில், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 37.5 இருந்தால், அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவற்றோடு 32.5 இருந்தால் ஆபரேஷனை யோசிக்கலாம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு இது 96 கிலோ. கூடவே நோயும் இருந்தால் 83 கிலோ. இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கோடு வேறு. பி.எம்.ஐ. 40, அல்லது கடுமையான உடன்நோயோடு 35 என்பது அவர்களுடைய நிபந்தனை. டாக்டர் சரி என்றாலும் பாலிசி கைவிடலாம். அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போது வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. அவை எனக்குப் போதுமா, நிறுத்தினால் எடை திரும்புமா என்பதையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.

அடுத்து, என்ன செய்யப்போகிறார்கள் என்பது. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக் குழாயை மட்டும் விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. வெட்டியதை மறுபடி ஒட்டவைக்க முடியாது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு இதன் பலன் கூடுதல். சத்துக்குறைவு வரும் வாய்ப்பும் கூடுதல். எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் பழைய அளவில் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து.

உயிருக்கு ஆபத்து உண்டா? தேர்ந்த இடத்தில் மிகக் குறைவு. அறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரணை நடந்தது, மருத்துவமனையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அவர் எடை சுமார் 150 கிலோ. அத்தகைய உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனித் திறமை. ஐ.சி.யு. இங்கேயே இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் இரவிலும் இருப்பாரா, இதே ஆபரேஷனை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் இடத்தை மாற்றுங்கள்.

ஊர் திரும்பிய பிறகுதான் அக்காவுக்கு உண்மையான பாடம் தொடங்கியது. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் மோரை ஊற்றி, ஒவ்வொரு மூடியாக நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு குழைந்த உணவு. ஒரு இட்லிக்கு அரை மணி நேரம். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் கூடாது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நீட்டிய தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கி இரண்டு வாய் போட்டவளுக்குப் படபடப்பும் வியர்வையும் வந்து, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். இனிப்பு சட்டென்று குடலில் இறங்கினால் இப்படி ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லும்படி அவளும் கேட்டிருக்கவில்லை.

நான்காம் மாதம் சீப்பு நிறைய முடி. பயந்து அழுதாள். வேகமாக எடை இறங்கும்போது வரும் உதிர்வு அது. தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேர்த்து, இரும்புச்சத்து சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். வைட்டமின் மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் தையமின் குறைந்து நரம்பு பாதிக்கும், காத்திருக்கக் கூடாது. இளம்பெண்கள் ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கரு தரிக்கும் வாய்ப்பு கூடிவிடும் என்பதால் இதை வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். தோல் தொங்கும். சில ஆண்டுகளில் கொஞ்சம் எடை திரும்ப ஏறும். அதைத் தோல்வி என்று மறைக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. ஆபரேஷன் நடக்கும் சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். வீடு வந்த சில நாளில், நடு ராத்திரியில் காய்ச்சலும் வயிற்று வலியும் படபடப்பும் வந்தால், அது தையல் கசிவாக இருக்கலாம். அப்போது யாருக்குப் போன் செய்வது, எந்த வாசலில் போய் நிற்பது? என்ன ஆபரேஷன் செய்தார்கள் என்ற தாளும் டாக்டரின் நம்பரும் தலைமாட்டில் இருக்க வேண்டும். உள்ளூர் அவசரப் பிரிவில் காட்ட அதுதான் ஆதாரம்.

இது நோயாளியின் தலையில் மட்டும் கட்டுகிற பொறுப்பும் அல்ல. மாவட்டத்துக்குள்ளேயே நமக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் முடித்து வந்தவர்களுக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்கி, ரத்தப் பரிசோதனையும் பி12 ஊசியும் உணவு ஆலோசனையும் அங்கே கிடைக்கச் செய்ய வேண்டும். கத்தி வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகான இருபது, முப்பது ஆண்டுகளை ஒருவர் வாழப்போவது இந்த ஊரில்தான்.