எடை வரம்பு ஏற்றுமதிக்கு மட்டும்தானா?

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் என் தங்கை மகன், சென்ற மாதம் கல்லாவிக்கு வந்தபோது தெர்மாகோல் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தான். உள்ளே, குளிர்ந்த மரத்தூளில் புதைந்தபடி நான்கு சிங்கி இறால்கள், நான்குமே உயிருடன். கைப்பேசிச் செயலி வழியாக பெங்களூரு வணிகர் ஒருவரிடம் வாங்கியதாகச் சொன்னான். ஏரி மீனும் கிருஷ்ணகிரி அணை மீனும் பழகிய எங்கள் தெருவில் இது பெரிய வேடிக்கையாயிற்று.

ஆர்வ மிகுதியால் அவற்றை ஆழ்துளைக் கிணற்று நீர் நிரம்பிய வாளியில் விட்டான். கடல்வாழ் உயிரினத்தை நன்னீரில் விட்டால் பிழைக்காது. ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று அசைவற்றுப் போனது. மற்றவற்றை வெளியே எடுத்து, வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். எதுவும் 170 கிராமைத் தாண்டவில்லை.

அந்த எண்தான் என்னை உறுத்தியது. சிங்கி இறால் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை மத்திய வணிக அமைச்சகம் 2003 ஜூலையில் அறிவித்தது. தமிழகத் தென்கடலோரத்தில் மிகுதியாகக் கிடைக்கும் ஹோமாரஸ் வகை 200 கிராமுக்குக் குறையக் கூடாது. பாலிபேகஸ் 300 கிராம், பெரிதாக வளரும் ஆர்னேட்டஸ் 500 கிராம். முட்டையிடும் பருவத்தை எட்டும் முன்பே பிடிபட்டுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். எங்கள் வாளியில் இருந்தவை ஹோமாரஸ் வகை. வணிகரிடம் இதைக் கேட்குமாறு மருமகனிடம் சொன்னேன். "அது வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்குக்கு உள்ள விதி, சார்" என்று பதில் வந்தது. அந்த அறிவிக்கையைப் பொறுத்தவரை, அவர் சொன்னது சரிதான்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதிலுள்ள கோளாறு எனக்கு உடனே விளங்கியது. ஒரே பொருளுக்கு இரண்டு சந்தைகள் உள்ளன. ஒன்றில் எடை வரம்பு உண்டு, மற்றொன்றில் இல்லை. ஏற்றுமதியாளர் கழித்துவிட்ட சிறிய இறால், விலை குறைந்து உள்நாட்டுக்குத் திரும்புகிறது. முன்பு உள்நாட்டில் அதை வாங்க ஆள் குறைவு. எனவே விதியின் ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை. இன்று நிலைமை வேறு. போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலை, ஓசூரை ஒட்டி மின்னணு ஆலைகள், அப்பால் பெங்களூரு என மாதச் சம்பளம் பெறும் இளைஞர் கூட்டம் கடலிலிருந்து வெகுதொலைவில் பெருகியிருக்கிறது. குளிர்பெட்டி வண்டிகளும் செயலிகளும் அவர்களைக் கடற்கரையோடு இணைத்துவிட்டன. கழிவுச் சரக்குக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கினால் அது கழிவாக இருக்காது. அதையே தேடிப் பிடிப்பார்கள்.

குளச்சல் மீனவரைக் குறை சொல்வதில் பயனில்லை. சிங்கி இறால் பெரும்பாலும் வலையில் உயிரோடுதான் சிக்கும். சிறியதை மீண்டும் கடலில் விட முடியும். ஆனால், கரையில் ஒருவர் பணத்தோடு காத்திருக்கும்போது, டீசல் கடனில் இருப்பவர் அதைத் திரும்ப விடுவார் என எதிர்பார்ப்பது நியாயமா?

இழந்தால் ஈடுசெய்வதும் எளிதன்று. வளர்ப்பு இறாலைப் போல இதைப் பண்ணைக் குஞ்சிலிருந்து வணிக அளவில் பெருக்க இங்கு வழியில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சு, கண்ணாடித் தகடு போன்ற உருவில் மாதக்கணக்கில் கடலில் மிதந்து திரிந்த பின்பே தரையைத் தொடுகிறது. மும்பைக் கடலில் இழுவலைகளால் மிகுதியாகப் பிடிக்கப்பட்டுவந்த மணல் சிங்கி, 1990களின் நடுப்பகுதிக்குள் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

வாங்குபவர் நிபந்தனை விதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. சீனா 2023இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, ஆர்னேட்டஸ் வகைக்கு 'பண்ணையில் வளர்ந்தது' என்ற ஆதாரம் கேட்டது. வியட்நாமின் ஏற்றுமதி உடனே தடுமாறியது. அங்குள்ள பண்ணைகள் ஆவணங்களைத் திரட்ட ஓடின. சீனாவின் நோக்கம் எதுவாயினும், கரையில் ஆயிரம் ஆய்வாளர்களை நிறுத்துவதைவிட விற்பனை முனையில் ஒரு விதி வலுவானது என்பது தெரிந்தது. அதே 200 கிராம் வரம்பை உள்நாட்டு விற்பனைக்கும் நீட்டித்து, செயலிகளில் ஒவ்வோர் இறாலின் எடையையும் காட்டச் செய்வது அரசுக்குப் பெருஞ்செலவல்ல. அதுவரை, வாங்குபவர் எடை கேட்கலாம். வயிற்றடியில் முட்டைக் கொத்து தெரிந்தால் மறுக்கலாம்.

உயிருடன்தான் வாங்க வேண்டுமா என்பதும் கேள்வி. செத்த சிங்கியின் சதை விரைவில் குழையும் என்பதால்தான் வணிகம் உயிரை நாடுகிறது. கரையிலேயே பனிக்கட்டியில் இட்ட வால்பகுதி, கல்லாவிச் சமையலறைக்குத் தாராளமாகப் போதும். கொதிநீரில் உயிரோடு போடுவதை சுவிட்சர்லாந்து 2018இல் தடைசெய்தது. நமது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமோ மனிதரல்லாத எல்லா உயிரையும் 'விலங்கு' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. உணவுக்காகக் கொல்வதை அனுமதித்தாலும், தேவையற்ற வலியை அனுமதிப்பதில்லை. அதைப் படித்துவிட்டு வாணலியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

மீதி மூன்றையும் உப்பிட்ட பனிக்கட்டிக் குழம்பில் அரை மணி நேரம் புதைத்து வைத்தோம். அசைவு முற்றிலும் நின்றபின் மருமகன் தலையை நீளவாக்கில் ஒரே வெட்டாகப் பிளந்தான். தங்கை மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து வறுத்தாள். ஓடு நீக்கிய பின் ஒவ்வொன்றிலும் மிஞ்சியது இரண்டு வாய்ச் சதை. வீட்டில் ஐந்து பேர்; அன்றிரவு முட்டைக் குழம்பும் வைக்க வேண்டியதாயிற்று.