நமது பிடியரிசி எது?

சமயம் என்பது வாரத்திற்கு ஒருநாள் அணிந்து கழற்றி வைக்கும் வெள்ளுடையாகப் பலருக்கு ஆகிவிட்டது. பிற சமயத்தாரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. கிறிஸ்தவன் என்ற முறையில் என் சமயத்தாரைப் பற்றியே சொல்கிறேன்.

ஊரில் இக்குறை வெளியே தெரிவதில்லை. விடியலில் கோயில் மணி எழுப்பும். மாலையில் குடும்ப ஜெபத்துக்கு அன்னை அழைப்பார். வடநாட்டு விடுதி அறையில் மணியும் இல்லை, அன்னையும் இல்லை. கேட்பார் இல்லாத இவ்விடத்தில் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே நம் விசுவாசம். அதுவும் தானாக நிற்பதில்லை. நாள்தோறும் எண்ணித் துணிந்தாலன்றிச் சோம்பல் அதன் இடத்தைப் பிடித்துக் கொள்ளும்.

எண்ணித் துணிவது எப்படி? திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசி ஆலயத்துக்குக் காணிக்கையாகும். மிஞ்சியதைக் கொடுப்பதன்று இது. சமைக்கும் முன்பே ஒதுக்குவது. இதைவிடத் தெளிவான சமயபாடம் எனக்குக் கிட்டியதில்லை.

மாணவராகிய நம்மிடம் அரிசிப் பானை இல்லை. நம் பிடி எது? வரைபடத்தில் கோட்டோடு ஒத்துவராத புள்ளி ஒன்று இருக்கிறது. அதை அழித்துவிட்டால் ஆய்வேடு அழகாகும், கேட்பாரும் இல்லை. அழிக்காமல் விடுவது ஒரு பிடி. உணவுக்கூடத்தில் தட்டெடுக்கும் தொழிலாளியின் பெயரை அறிந்து, அவர் மகனுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணக்குக் கற்பிப்பது இன்னொரு பிடி.

மூன்றாவது பிடிதான் கடினம். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து அருந்துகிறோம். ஆயினும் மணமகள் தேடும் விளம்பரத்தில் ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லை ஒட்டிச் சாதிப் பெயரும் ஏறிவிடுகிறது. நாளை நமக்கு வேலை கிடைத்ததும் நம் வீடுகளிலும் இப்பேச்சு எழும். அன்று சொல்ல வேண்டியதை இன்றே முடிவு செய்யாதவன், அன்று பேசாமல் தலையசைப்பான். சமைத்தபின் பிடியரிசி எடுக்க முடியுமா?

“நேர்மையாக வாழக் கடவுள் எதற்கு?” என்று பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடவுளை நம்பாமலே நேர்மையாக வாழ்வோரை நான் மதிக்கிறேன். ஆனால் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறேன் என்று சொன்னவனுக்கு இது கொடுத்துவிட்ட வாக்கு. வாக்குத் தவறினால் அவனுடைய ஜெபத்தை யார் நம்புவார்?

வேலூரில் மருத்துவம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். தாம் எழுந்து நடக்கும் அற்புதம் நிகழட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எட்டிய தொலைவில் இருந்த கையைப் பற்றினார்.

நண்பர்களே, நமக்கும் எட்டும் தொலைவில் யாரோ ஒருவர் இருக்கிறார். ஞாயிறு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?